ஒன்பதாவது கேள்வி

ஐந்தரைக்கு எழுந்தேன். மோட்டார் போட்டேன். பல் தேய்த்து முடிப்பதற்குள் தொட்டி நிரம்பிவிடும். நிறுத்தினேன். பால் காய்ச்சினேன். மூன்று டம்ளர் காபி. மாமனாருக்குச் சர்க்கரை இல்லாமல். மேசையில் அவர் உட்காரும் இடத்துக்கு நேராக வைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டேன். காலர், கைகள், முதுகு. வேலைப் பையில் டார்ச், அளவுகோல், துடைக்கும் துணி, அறிக்கைப் புத்தகம். மணி ஆறே கால்.

மாமனார் வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்த சின்ன மகளிடம் சொன்னார்.

"பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரியில இருக்கணும். எப்பக் கிளம்பறதா உத்தேசம்னு அவர்கிட்ட கேளு."

எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு மேசை அகலம்தான் இருந்தது.

"அத்தான், எப்பக் கிளம்பறதா உத்தேசம்?" என்றாள் அவள், சீப்பை நிறுத்தாமல்.

"பத்து மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."

"பத்து மணிக்காம்ப்பா."

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பதினான்கு மாதங்களாக இப்படித்தான். என் மனைவி போன நாளிலிருந்து அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. பெரிய மகளின் சிகிச்சைக்காகச் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு வந்தவர் திரும்பிப் போகவில்லை. போங்கள் என்று நானும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். தண்ணீர் வருவது, மின்சாரம் போவது, கேஸ் தீர்ந்தது எல்லாம் சின்னவள் வழியாகத்தான் எனக்கு வந்து சேரும். வீட்டில் அவள் பெயர் வாலு. இருபத்துமூன்று வயதாகிறது, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள், இன்னும் வாலுதான்.

மாமனாரின் கணக்கு எளிது. அவர் மகள் தொண்டைப் புற்றுநோயில் போனாள். அந்த வீட்டில் சிகரெட் பிடித்தவன் நான். வேறென்ன வேண்டும்.

அந்தக் கணக்கில் ஒரு தவறு இருக்கிறது. நான் வாழ்க்கையில் ஒரு சிகரெட்கூடப் பிடித்ததில்லை.

அது எப்படி ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான இரண்டாவது மாதம் மாமனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். பால்கனியில் ஒரு டப்பா மூடியில் மூன்று சிகரெட் துண்டுகள் கிடந்தன. அவர் அதைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, என்னுடையதுதான் என்றேன். அன்றிலிருந்து அது என் பழக்கம் ஆனது. அவர் வரும்போதெல்லாம் என் மனைவி பால்கனியில் பற்றவைத்திருப்பதை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடுவாள். உள்ளே இழுக்காமல் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நிற்க நான் பழகிக்கொண்டேன். சாம்பல் தட்டுவதுகூட நன்றாக வந்தது.

பிறகு நோய் வந்தது. அடிநாக்குக்குப் பக்கத்தில். ஒரு வைரஸால் வருகிற வகை என்றார்கள். நிறையப் பேருக்கு வந்து தானாகவே போய்விடும் வைரஸ். சிலருக்கு மட்டும் தங்கிவிடுமாம். இந்த வகைக்கு வைத்தியம் நன்றாகக் கேட்கும், பயப்பட வேண்டாம் என்றார்கள். கதிர்வீச்சை வழக்கத்தைவிடக் குறைத்துக் கொடுத்துப் பார்க்கும் ஓர் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. குறைத்தால் விழுங்குவது, ருசி, எச்சில் எல்லாம் பின்னால் அவ்வளவு கெடாது. சேருகிறீர்களா என்று கேட்டார்கள். சேர்ந்தோம்.

பதிவு செய்த நர்ஸ் கேள்விகளை உரக்க வாசித்தாள். மொத்தம் பதினேழு. ஒன்பதாவது, எப்போதாவது புகைபிடித்தது உண்டா. மாமனார் என் மனைவிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் தரையைப் பார்த்தாள். நான் இல்லை என்றேன். நர்ஸ் எழுதினாள். என் மனைவி கையெழுத்துப் போட்டாள். கீழே சாட்சி என்ற இடத்தில் நானும் போட்டேன். அந்தக் கேள்வி எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

போன புதன்கிழமை அந்த ஆய்விலிருந்து ஒரு டாக்டர் தொலைபேசியில் பேசினார். ஒரு பதிலை மட்டும் சரிபார்க்க வேண்டும், நேரில் வர முடியுமா என்றார். எந்தப் பதில் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் அதையே கடிதமாகவும் அனுப்பிவிட்டார்கள். இந்த வீட்டில் கடிதங்களைப் பிரிப்பவர் மாமனார். தானும் வருவதாக வாலு வழியாகத் தெரிவித்தார்.

இன்று சனிக்கிழமை.

*

நான் லிஃப்டுகளைப் பரிசோதித்து அறிக்கை எழுதுபவன். காலையில் எட்டு மாடிக் கட்டடம் ஒன்று. மொட்டைமாடியில் மோட்டார் அறை. நாலடிக்கு ஆறடி. நடுவில் பெரிய சக்கரம், அதன் மேல் ஐந்து இரும்புக் கயிறுகள். ஒவ்வொரு கயிற்றையும் கையளவு கையளவாகத் துடைத்து, வெளியே எத்தனை இழை அறுந்து நீட்டிக்கொண்டிருக்கிறது என்று எண்ண வேண்டும். ஓர் அளவுக்கு மேல் போனால் கயிற்றை மாற்றச் சொல்லி எழுதுவேன். எண்ணாமல் எழுத மாட்டேன். எட்டு வருட வேலையில் ஒரு தடவைகூட எண்ணாமல் எழுதியதில்லை.

மூன்றாவது கயிற்றில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. வாலு. மூச்சு வாங்கியது.

"லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வீட்டுப் பொண்ணு எட்டு மாடி ஏறி வரணும்னு என் தலையில எழுதியிருக்கு" என்றாள்.

நான்தான் லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தேன். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். பாதியைக் குடித்துவிட்டு என் கருவிப் பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

என்ன கேட்கப் போகிறார்கள் என்று தனக்குத் தெரியும் என்றாள். கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அப்பா முன்னால் நான் வாய் திறக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்தாள். முதலில் சுற்றி வளைத்தாள். அப்பாவுக்கு ரத்த அழுத்தம். அப்பா இப்போதுதான் கொஞ்சம் தூங்குகிறார். அப்பா பெரியவளின் செருப்பை இன்னும் வாசலைவிட்டு எடுக்க விடவில்லை.

அவரை வர வேண்டாம் என்று சொல்லேன் என்றேன்.

"நீங்களே சொல்லுங்க. ஓ, உங்களுக்குள்ளதான் பேச்சுவார்த்தை கிடையாதே."

நான் கயிற்றைத் துடைத்தேன்.

"அத்தான், நான் சொல்றதைக் கேளுங்க. அவருக்குத் திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நீங்க. உங்களைத் திட்டித்தான் அவர் எந்திரிச்சு நடமாடறார். நீங்க இல்லைன்னு ஆயிட்டா அப்புறம் யாரைத் திட்டுவார்? அக்காவையா?"

எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. எட்டு.

"உங்களுக்கு இது பழகிடுச்சு. எங்களுக்கும் பழகிடுச்சு. அப்படியே விட்டுடுங்களேன்."

ஒன்பது.

பிறகு பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"ரேடியேஷன் நடந்துட்டிருந்தப்ப நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

என் கை நின்றது.

தினமும் இல்லையாம். வாரத்துக்கு ஒரு பாக்கெட். நான் வேலைக்குப் போன நாட்களில் அவள்தான் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வருவாள். திரும்பும்போது தெருமுனையில் நிறுத்தச் சொல்வாளாம். எச்சில் விழுங்கவே அழுகிறவள் கேட்டால் எப்படி இல்லை என்பது என்று என்னிடம் கேட்டாள். உண்மையாகவே கேட்டாள். பதில் வேண்டுமென்று.

"எங்கிட்ட நிறுத்திட்டதா சொன்னா" என்றேன்.

"எங்கிட்டயும்தான் சொன்னா. ஒவ்வொரு பாக்கெட்டும் கடைசிப் பாக்கெட்."

எனக்கு வாசனை தெரிந்திருந்தது. அந்த ஆறு வாரத்தில் இரண்டு தடவை, மூன்று தடவை. அவள் துப்பட்டாவில். நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கும். அதற்காகக் கேட்கவில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

"அதையும் சொல்லுவீங்களா?" என்றாள் வாலு.

எண்ணிக்கை மறந்துவிட்டது. மூன்றாவது கயிற்றை முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவள் எழுந்து, பாவாடையில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, படியிறங்கிப் போனாள்.

*

மாமனார் முப்பது வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக் உண்டு. என் காரில் கிடையாது. ஆனால் அவர் கால் அதை நம்பாது. ஒவ்வொரு சிக்னலுக்கும், ஒவ்வொரு சைக்கிளுக்கும், தரை விரிப்பில் ஓங்கி மிதிப்பார். அந்த இடத்தில் விரிப்பு தேய்ந்துவிட்டது.

பேசுவதும் உண்டு. என்னிடம் அல்ல. கண்ணாடிக்கு வெளியே.

"முன்னாடி போறவன் இன்டிகேட்டர் போட மாட்டான்னு தெரியுதுல்ல. அப்புறம் என்ன அவன் முதுகுல ஏறற அவசரம்."

வேகத்தைக் குறைத்தேன்.

"இப்பக் குறைச்சு என்ன. பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கத்தான் செய்வான்."

பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். மாமனார் திருப்தியாகத் தலையாட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவர் சட்டைப் பையில் என் மனைவியின் சின்ன நோட்டுப் புத்தகம் தெரிந்தது. அறுவை சிகிச்சையில் குரல் போன பிறகு அவள் எழுதிக் காட்டியது. எதற்கு எடுத்து வந்தார் என்று தெரியவில்லை. மகளைப் பற்றி யாராவது கேட்டால் காட்டலாம் என்று நினைத்திருக்கலாம்.

*

அந்தப் பெண் டாக்டருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நோயாளிகளைப் பார்க்கிற டாக்டர் இல்லை. நோயாளிகளிடமிருந்து வெட்டியெடுத்த துணுக்கைக் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்க்கிறவர். அறையில் கட்டில் இல்லை, ரத்த அழுத்தக் கருவி இல்லை. ஒரு மைக்ராஸ்கோப், இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே சமயத்தில் பார்க்கும் வகை. அட்டைத் தட்டுகளில் வரிசை வரிசையாகச் சில்லுகள். ஒரு மூலையில் குடை.

உட்காரச் சொன்னார். வந்ததற்கு நன்றி சொன்னார். முதலில் தான் என்ன பார்த்தேன் என்று சொல்லிவிடுவதாகவும், பிறகு கேட்பதாகவும் சொன்னார். மாமனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ஒரு சில்லை வைத்தார். இது வேறொருவருடையது என்றார். மாமனாரைப் பார்க்கச் சொன்னார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

"பெரிசு பெரிசாத் தெரியறது புற்றுநோய் செல்கள். நடுவுல கடுகு மாதிரி, கருநீலத்துல சின்னதா இருக்குதே, அது நம்ம உடம்போட காவல்காரங்க. நோயை எதிர்த்து சண்டை போடறவங்க. உள்ள புகுந்திருக்காங்க, தெரியுதா?"

"தெரியுது. நிறைய இருக்கு."

"இவங்க உள்ள இருந்தா குறைஞ்ச கதிர்வீச்சே போதும்னு நாங்க நினைக்கறோம். பாதி வேலையை இவங்க பாத்துக்குவாங்க. இவர் நல்லா இருக்கார்."

அடுத்த சில்லை வைத்தார். யாருடையது என்று சொல்லவில்லை. மாமனார் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உள்ள யாரையும் காணோமே."

"இருக்காங்க. ஓரத்தைப் பாருங்க."

"ஆமா. எல்லாம் வெளியவே நிக்குது." நிமிரவில்லை. "சிக்னல் விழாம நிக்கற வண்டி மாதிரி."

"அப்படித்தான்."

"எம் பொண்ணா இது?"

"ஆமா சார்."

அவர் மறுபடி குனிந்து பார்த்தார். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு மகளில் ஒரு பகுதியைப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது. எதிர்ப்பக்கத்துக் குழாயில் கண்ணை வைத்தேன். ஊதா நிறம். அழகாகவே இருந்தது.

டாக்டர் மெதுவாக விளக்கினார். காவல் செல்கள் இப்படி வெளியே நின்றுவிடுவதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். சிகரெட் புகை அவற்றில் முக்கியமானது. புகைபிடிப்பவர்களுக்கு இதே வைரஸ் வகை நோய் வந்தால் காவல் செல்கள் குறைவாகவே உள்ளே போகின்றன. போனாலும் சோர்ந்துவிடுகின்றன. வைத்தியம் அவ்வளவாகக் கேட்பதில்லை. அதனால்தான் புகைபிடித்தவர்களை இந்த ஆய்வில் சேர்ப்பதில்லை. அவர்களுக்கு முழு அளவு கதிர்வீச்சுதான். ஒன்பதாவது கேள்வி அதற்குத்தான்.

ஆய்வில் இருந்தவர்களில் நோய் திரும்ப வந்து இறந்தது என் மனைவி ஒருத்திதான் என்றார். இதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். அவள் புகைபிடிக்காதவள் என்றால், புகைபிடிக்காதவர்களுக்குக்கூடக் குறைந்த அளவு ஆபத்து என்று எழுத வேண்டிவரும். இனி வருகிறவர்களுக்கெல்லாம் முழு அளவு. தொண்டை வெந்து, ருசி போய், வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் பாட்டிலோடு. தேவை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே.

"அதனாலதான் ஒரு தடவை கேட்டுடலாம்னு. நான் யாரையும் குத்தம் சொல்லக் கூப்பிடலை."

மாமனார் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அவர் பிடிப்பார்" என்றார். விரல் என் பக்கம் நீண்டது. "அவரைக் கேளுங்க. அஞ்சு வருஷம் அவ பக்கத்துல நின்னு ஊதியிருக்கார். வெளிய நின்னுச்சுன்னா அவர்தான் நிறுத்தினார்."

"பக்கத்துல இருக்கறவங்க புகையும் நல்லதில்லை சார். ஆனா நான் கேக்கறது அவங்களைப் பத்தி."

"எம் பொண்ணு அந்தப் பக்கமே போனதில்ல."

டாக்டர் மேசைமேல் இருந்த படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். என் கையெழுத்து. கொஞ்சம் சாய்ந்து, அவசரமாக. அறிக்கைகளில் நான் போடுகிற அதே கையெழுத்து.

வாலு சொன்னது நினைவிருந்தது. பழகிவிட்டது, அப்படியே விட்டுவிடுங்கள். முடியாத காரியம் இல்லை. தலையாட்டினால் போதும். மாமனார் நாளைக் காலையும் காபி குடிப்பார். என்னைப் பற்றிச் சின்னவளிடம் கேட்பார்.

யாரோ ஒருவர் அடுத்த வாரம் இதே பதினேழு கேள்விகளுக்கு முன்னால் உட்காருவார்.

"நான் பிடிச்சதே இல்ல, மாமா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

"ஒரு தடவைகூட இல்ல. அவதான்."

அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் பேனாவைக் கொடுத்தார். பழைய பதிலை அழிக்கக் கூடாது என்றார். வெள்ளை மை கூடாது. ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி. பக்கத்தில் சரியான பதில், தேதி, கையெழுத்து.

கோடு போட்டேன். உண்டு என்று எழுதினேன். எத்தனை வருடம் என்று கேட்டார். பத்து. சிகிச்சை நடந்தபோதும் பிடித்தார்களா. ஆமாம். யார் வாங்கிக் கொடுத்தது என்று அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை.

நான் ஒன்று கேட்டேன். அன்றைக்கே உண்மையைச் சொல்லி, முழு அளவு கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா.

டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

"உங்க கையெழுத்தாலதான் போனாங்கன்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. முழு அளவு கொடுத்தும் சில பேர் போயிருக்காங்க. சிகிச்சை ஆரம்பிச்ச அன்னிக்கே நிறுத்தியிருந்தாக்கூட வாய்ப்பு கூடியிருக்கும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

நான் தலையாட்டினேன். திரும்பிப் பார்த்தபோது மாமனாரின் நாற்காலி காலியாக இருந்தது.

*

கார் நிறுத்தும் இடத்தில் இருந்தார். ஓட்டுநர் பக்கக் கதவில் சாய்ந்து நின்றிருந்தார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. நகரவில்லை.

"எப்ப ஆரம்பிச்சா?"

என்னிடம்தான் கேட்டார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

காலேஜ் இரண்டாம் வருடம் என்றேன். அவருடைய டிரைவிங் ஸ்கூல் காரில். மத்தியான நேரத்தில் வகுப்பு இல்லாதபோது பின்பக்கச் சந்தில் நிறுத்தி.

அவர் இதை யோசித்தார்.

"கார்ல சாம்பல் கிடந்துச்சு. ரெண்டு பசங்களை நிறுத்திட்டேன். ஒருத்தன் அழுதான். நான் பிடிக்கறதே இல்ல சார்னு. டெஸ்ட்டுக்கு ஒரு வாரம்தான் பாக்கி." சற்று நிறுத்தினார். "ரிவர்ஸ் நல்லா எடுப்பான் அவன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பிறகு அவர் முகம் மாறியது. நிமிர்ந்து நின்றார். நான் எதிர்பார்த்ததுதான். வாலுவும் எதிர்பார்த்ததுதான்.

"இல்ல" என்றார். "நீங்க பொய் சொல்றீங்க. உள்ள அந்தம்மா அவ்வளவு சொன்னதும் உங்க தலைக்கு வரும்னு பயம். வந்து கேக்க முடியாதவ மேல தூக்கிப் போட்டுட்டீங்க. சரி, நான் கேக்கறேன். தினம் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து படுத்துக் கிடந்தாளே, யார் வாங்கிக் கொடுத்தா? அவளே எந்திரிச்சுப் போய் வாங்கினாளா?"

கார்ச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"பாருங்க. பதில் இல்ல."

சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அட்டை மடங்கியிருந்தது. என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"அஞ்சு மாசம் எழுதியிருக்கா. ஒவ்வொரு பக்கமும் எனக்கு மனப்பாடம். தண்ணி வேணும்னு எழுதியிருக்கா. ஃபேனைக் குறைன்னு எழுதியிருக்கா. வாலுவோட கல்யாணம் பத்தி எழுதியிருக்கா. இதுல எங்கயாவது இருக்கா அது? அவ வாயால ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்புவேன். நீங்க சொல்லி இல்ல."

"சொன்னா மாமா."

"யார்கிட்ட?"

அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாலுவிடம்கூட இல்லை. அவரிடம் சொன்னேன். கார் நிறுத்தும் இடத்தில், வெயிலில், இரண்டு கார்களுக்கு நடுவில் நின்றுகொண்டு.

குரல்வளையை எடுத்த அறுவை சிகிச்சை. நோய் திரும்பி வந்து கீழே இறங்கியிருந்தது. எடுத்த பிறகு பேச்சு இருக்காது என்று முந்தின நாளே சொல்லிவிட்டார்கள். காலை ஏழு மணிக்கு அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். மாமனாரால் பார்க்க முடியவில்லை, கீழே கேன்டீனில் உட்கார்ந்திருந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் நான் கூடப் போனேன். அவள் எதுவும் பேசவில்லை. கடைசியாக ஏதாவது பேசுவாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். நானும் எதுவும் பேசவில்லை.

வாசலில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் ஒரு தாளுடன் நின்றிருந்தார். வயதானவர், அவசரத்தில் இருந்தார். கட்டுப்பல் உண்டா என்று கேட்டார். தலையசைத்தாள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா. அதற்கும் இல்லை என்று தலையசைத்தாள். கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. விரலால் காட்டினாள். சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். குரல் கரகரவென்று இருந்தது, பாதி காற்று. ஆனாலும் தெளிவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். டாக்டரும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். கதவு திறந்தது, வண்டி உள்ளே போனது. அதற்குப் பிறகு அவள் குரலை யாரும் கேட்கவில்லை.

"உண்டு டாக்டர். இவர் இல்லைன்னுதான் சொல்வார். நம்பாதீங்க."